கொச்சியில் காரை விட்டு இறங்குங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் சித்தப்பா மகன் போன் செய்தான். கோவையிலிருந்து குடும்பத்தோடு காரில் வந்திருந்தான். "அண்ணா, தோப்பும்படியிலயே நாப்பது நிமிஷமா நிக்கிறோம். இந்த ஃபோர்ட் கொச்சிக் கோட்டை எங்கதான் இருக்கு?" கோட்டையை எப்போதோ இடித்தாயிற்று, பெயர் மட்டும்தான் மிச்சம் என்று சொல்ல வாயெடுத்தேன். பாவம், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எர்ணாகுளத்தில் எட்டு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் வழி சொல்வது என் பொறுப்பு. குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் நீங்களே எடுத்து வருவீர்கள். நான் செய்து பட்ட தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காரிலேயே சுற்றுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதை நினைத்தால்தான். எர்ணாகுளம் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் காயலுக்கு அந்தப் பக்கம். நடுவில் வெல்லிங்டன் தீவு. துறைமுகம் அமைக்க ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காயலை ஆழப்படுத்தியபோது வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு அது. படகுக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்லை. கார் தெற்கே போய், ஒரு பாலம் ஏறித் தீவுக்குள் இறங்கி, இன்னொரு பாலம் ஏறித் தோப்பும்படி வந்து, மறுபடி வடக்கே திரும்ப வேண்டும். ஊர் மொத்தமும் அதே வழியில்தான் வரும்.

நான் வந்த புதிதில் அப்பா அம்மாவுக்காக ஒரு நாள் வாடகைக்கு டாக்ஸி பேசினேன். அரை நாள் பாலத்திலேயே போயிற்று. மட்டாஞ்சேரி சந்துக்குள் வண்டியை நிறுத்த இடமில்லாமல் டிரைவர் எங்கேயோ போய்விட்டார். அரண்மனை வாசலுக்கு நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். போர்ச்சுகீசியர் கட்டி, 1663-ல் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் வாங்கிய இடம். உள்ளே சுவர் முழுக்க ராமாயண ஓவியம். அம்மா அதற்காகவே வந்தவர். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். வெயிட்டிங் சார்ஜ் தனி.

காரை ஓட்டலிலேயே விடுங்கள். எர்ணாகுளம் ஜெட்டியில் அரசுப் படகு சில்லறைக் காசில் போகிறது. ஏசி வேண்டுமென்றால் ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ. 2023-ல் தொடங்கியது, ஃபோர்ட் கொச்சிக்கு 2024 முதல் ஓடுகிறது. எதில் ஏறினாலும் சுமார் இருபது நிமிடம். இறங்கியபின் நடங்கள், கால் வலித்தால் ஆட்டோ இருக்கிறது. திரும்பிவரக் கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கேட்காமல் போன கதை எனக்கு வேறு உண்டு.

சிலர் சாமர்த்தியமாக வைப்பின் தீவிலிருந்து ரோ-ரோ படகில் காரையே ஏற்றிவருவார்கள். ஞாயிறு மாலை அந்த வரிசையைப் போய்ப் பாருங்கள்.

வெள்ளியும் சனியும்

வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. சனி யூதர்களின் ஓய்வு நாள், அதனால் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் திறக்காது. சித்தப்பா மகன் பார்க்க நினைத்ததே அதைத்தான். சனி, ஞாயிறு தங்குவதாக இருந்தால் மட்டாஞ்சேரியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீன வலை

ஃபோர்ட் கொச்சிக் கரையில் நிற்கும் பெரிய மீன்பிடி வலைகள் இவை. மீனவர்கள் கயிறு இழுக்கக் கூப்பிடுவார்கள். இழுத்து முடித்ததும் காசு கேட்பார்கள். அவர்கள் பிழைப்பு அது. முதலிலேயே பேசிக்கொண்டால் சண்டை இல்லை.

வாஸ்கோ ட காமா கல்லறை

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அந்தக் கல்லருகே நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். 1524-ல் கொச்சியில் இறந்தவரை அங்கே புதைத்தது உண்மைதான். 1539-லேயே எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கடலில் குளிக்க

ஃபோர்ட் கொச்சியில் வேண்டாம். செராய் கடற்கரைக்குப் போங்கள்.

அதே நாளில் ஆலப்புழையும்

முடியாது.