கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழைய போட்டோ

ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுச் சுவரில் ஒரு கல்யாண குரூப் போட்டோ. மலை ஈரத்தில் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. இப்படி இருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகி, கண்ணாடியைப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகமே பெயர்ந்து வந்துவிடும்.

கண்ணாடிக்கு மேலேயே படம் எடுங்கள். வெயில் நேராக விழாத ஜன்னலோரம் பிரேமைத் தரையில் வையுங்கள். பிளாஷ் வேண்டாம். ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, போனை அதற்குப் பின்னால் பிடித்தால் நம் நிழலுருவம் கண்ணாடியில் தெரியாது. அப்படி எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், மாப்பிள்ளை புது வாட்ச் தெரியும்படி மணிக்கட்டைத் திருப்பி வைத்திருப்பதே கண்ணில் பட்டது! ஓரத்தில் ஒரு குழந்தை அசைந்ததில் முகம் புகையாகிவிட்டது. யாரென்று பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அப்புறம், ஒட்டாத படங்களின் பின்பக்கத்தையும் எடுத்து வையுங்கள். ஸ்டூடியோ முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பெயர்களை 2பி பென்சிலால் ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் பதித்துவிடும். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.