நூலக வரி கட்டுகிறீர்கள், உறுப்பினர் ஆகிவிட்டீர்களா?

தமிழ்நாட்டில் சொந்த வீடு இருந்தால் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சியால் வந்த 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் பணம் அது. பக்கத்துத் தெரு கிளை நூலகம் பெரும்பாலும் அந்தக் காசில்தான் நடக்கிறது. நம் காசில் நடக்கும் இடத்துக்கு நாம் போகாமல் இருக்கலாமா?

உறுப்பினராவது எளிது. முகவரிச் சான்றும் சிறு காப்புத்தொகையும் போதும். விலகும்போது காப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். பிள்ளைகள் பெயரிலும் அட்டை வாங்குங்கள், அவர்களே புத்தகம் எடுக்கட்டும். தேடும் புத்தகம் இல்லையா? கூச்சப்படாமல் நூலகரிடம் சொல்லுங்கள். வாசகர் கேட்டால்தான் அவருக்கும் தேவை தெரியும்.

சென்னையில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே அங்கே தனிப் பிரிவு உண்டு. அச்சில் இல்லாத பழைய நூல் வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா. 1896-இல் திறந்தது, நாட்டில் வெளியாகும் நூல்களின் ஒரு படி வந்து சேரும் வைப்பு நூலகங்களில் ஒன்று. அப்புறம், நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். தேடித் தருபவருக்கு வேலை பாதியாகும்.