மீனின் தாதுச்சத்தைக் கடலைக் கொண்டு கணிப்பது எப்படி?

செவுளைத் தூக்கிப் பார்த்தால் மீன் புதியதா என்பது தெரியும். அதில் என்ன தாதுக்கள் சேர்ந்திருக்கும் என்பதைக் கணிக்க வேண்டுமானால், அது எங்கே பிடிபட்டது, எதைத் தின்று வளர்ந்தது, எவ்வளவு பெரியது என்ற மூன்றையும் விசாரிக்க வேண்டும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருந்தாலும் மீனின் சதை கரிப்பதில்லை. எலும்புள்ள கடல்மீன்கள் அந்த நீரைக் குடித்து, மிகையான சோடியத்தையும் குளோரைடையும் செவுள் வழியே வெளியேற்றிவிடுகின்றன. ஆகையால், கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரால் வங்கக்கடலின் வடபகுதியில் உப்புக் குறைவு என்பதை வைத்து, அங்குள்ள மீனில் சோடியமும் குறைவு என்று முடிவுகட்டக் கூடாது. கடலின் சாயல் நுண்தாதுக்களில்தான் தெரியும்: ஆற்றுமீனைவிடக் கடல்மீனில் அயோடின் பொதுவாக மிகுதி.

அடுத்து, மீன் மேய்ந்த இடத்தைக் கவனியுங்கள். மத்தியும் நெத்திலியும் மேல்மட்ட நீரில் மிதவையுயிரிகளைத் தின்று குறுகிய காலமே வாழ்வதால், அவற்றில் பாதரசம் சேர வாய்ப்புக் குறைவு. (நெத்திலியின் கால்சியத்துக்குக் காரணம் நாம் அதை முள்ளோடு தின்பதே.) கழிமுகத்து மடவையோ சேற்றை அள்ளி அதிலுள்ள மட்கைத் தின்பது. அதன் வயிற்றைக் கீறினால் கறுத்த சவ்வும், குடலில் சேறும் நுண்மணலும் தெரியும். சவ்வின் கருமை இயற்கையானது, அழுக்கன்று. ஆலைக்கழிவோ நிலக்கரிச் சாம்பலோ கலக்கும் கழிமுகத்தில் பிடித்ததென்றால், அந்தச் சேற்றோடு உலோகங்களும் மீனுக்குள் செல்லும் என்பதால் வாங்காமல் விடுவதே நல்லது. காட்மியம் என்ற நச்சு உலோகம் பெரும்பாலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்குவதால், எந்த மீனானாலும், கணவாயானாலும், உள்ளுறுப்புகளை முழுவதும் நீக்குங்கள்.

பாதரசம் அப்படி நீங்காது. உயிர்வளி குறைந்த அடிச்சேற்றில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்ற நச்சுச் சேர்மமாக மாற்றுகின்றன. மிதவையுயிரியிலிருந்து சிறுமீனுக்கும் சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் செல்லச் செல்ல அதன் செறிவு கூடுகிறது. சதையின் புரதத்தோடே அது பிணைந்திருப்பதால் தோலுரித்தாலும் பொரித்தாலும் போகாது. பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2018இல் மெத்தில் பாதரசத்துக்குக் கிலோவுக்குச் சூரையில் 1.2 மில்லிகிராம், சுறாவில் 1.6 மில்லிகிராம் என வரம்பு வகுத்தது. பிற மீன்களைத் தின்று வளர்ந்த வேட்டைமீன்களுக்கே வரம்பு இவ்வளவு தாராளமாக இருப்பதிலிருந்து அவற்றின் நிலையை ஊகிக்கலாம். கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சுறாவைத் தவிர்த்து, சிறிய மீன்களையே வாங்குங்கள்.

மற்றவர்கள் சூரை வாங்கும்போது சிறியதாகப் பார்த்து வாங்கலாம். துண்டின் நடுவே அடர்சிவப்பாக ஓடும் சதையை வெட்டி எறியாதீர்கள். ஓயாமல் நீந்தும் மீனுக்கு உயிர்வளியைச் சேமித்துத் தரும் அந்தப் பகுதியில்தான் இரும்புச்சத்து மிகுதி. மீனை வேகவைத்து நீரைக் கொட்டினால் அயோடினிலும் பொட்டாசியத்திலும் ஒரு பகுதி அதோடு போய்விடும் என்பதால், குழம்பாக வைப்பதே சிறந்தது.