வசனம் சொல்வதற்கு முன்: விசுவாசத்தை வாழும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

2013ஆம் ஆண்டு, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக்குச் செபிக்கப் போயிருந்தேன். வீடு என்றால் அப்போது தகரக் கொட்டில்தான். அந்த அக்காவின் மகனை, 2009 மே மாதம், போர் முடிகிற நேரம் சனத்தோடு வட்டுவாகல் பாலம் தாண்டின நாளுக்குப் பிறகு கண்டவர் இல்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சேர்ட்டோடு அவர் நிற்கிற படம் ஒன்று தடியில் தொங்கியது. அக்கா கதைக்கத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நான் இடையில் புகுந்தேன். "எல்லாம் ஆண்டவருடைய சித்தம் அக்கா. அவர் காரணமில்லாமல் ஒன்றும் செய்யமாட்டார்."

அக்கா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் படத்தைக் கழற்றினார். சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். திரும்பக் கொழுவிவிட்டு, "தேத்தண்ணி ஆறப்போகுது தம்பி, குடியுங்கோ" என்றார். அதற்குப் பிறகு மகனைப் பற்றி என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

வன்னியில் கிறிஸ்தவர்களாக இருக்கிற நாங்கள் பேச்சிலும் நடப்பிலும் விடுகிற பிழைகளை எழுத நினைத்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தேத்தண்ணிதான். கோயிலுக்குப் போகாதது, வேதாகமம் வாசிக்காதது எல்லாம் வேறு கதை. நான் சொல்வது ஒழுங்காகப் போகிற, வாசிக்கிற, செபிக்கிற ஆட்கள் விடுகிற பிழைகள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே விடுகிற பிழைகள்.

துக்கத்துக்குக் காரணம் சொல்வது

இதுதான் எல்லாவற்றிலும் பெரியது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "ஆண்டவர் எடுத்துக்கொண்டார்", கால் இழந்தவரிடம் "உங்களைச் சோதிக்கிறார்", ஷெல் விழுந்து குடும்பமே போன வீட்டில் "ஏதோ ஒரு நோக்கம் இருக்கும்". சொல்கிறவருக்கு இது ஆறுதல். கேட்கிறவருக்கோ, அந்தச் ஷெல்லை அனுப்பியது கடவுள்தான் என்று கேட்கும்.

வேதாகமமே இப்படிக் கதைக்க இடம் தரவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு நிலத்தில் இருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கின பிறகுதான் பிழை வந்தது. கடைசியில் ஆண்டவருடைய கோபம் அழுது புலம்பின யோபுமேல் வரவில்லை, காரணம் சொன்ன அவர்கள்மேல் வந்தது. பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிக் கதை வந்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கவேண்டாம் என்றார். லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் அவர் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, அழுதார்.

எங்கள் மண்ணிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்போய், வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசாங்கத்தின் குடிசனக் கணக்கையே வைத்துக் கேட்ட கேள்வி அது. எல்லாம் இறைசித்தம் என்று அவரும் விட்டிருக்கலாம். 2009 மே 18 அன்று இராணுவத்திடம் சரணடையப் போனவர்களோடு தானும் கூடப்போன பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் இன்றுவரை திரும்பவில்லை. சனத்தோடு கடைசிவரை நின்ற சரத்ஜீவன் அடிகளாரும் அதே நாளில்தான் இறந்தார். இப்படிப்பட்டவர்களைக் கண்ட சனத்துக்கு முன்னால் நின்றுதான் நாங்கள் வசனம் சொல்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

சொற்களிலும் கவனம் வேண்டும். தாய்மார் "காணாமல் போனவர்" என்று சொல்வதில்லை, "காணாமல் ஆக்கப்பட்டவர்" என்கிறார்கள். அவர்கள் சொல்கிற சொல்லையே நாங்களும் சொல்லவேண்டும். நவம்பர் 2, இறந்த ஆன்மாக்கள் நாள் வந்தால், தாயிடம் கேட்காமல் மகனின் பெயரை இறந்தவர் பட்டியலில் சேர்த்துப் பூசை ஒப்புக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தாய்க்குப் பிள்ளை இன்னும் வரவேண்டியவர். சாகாத பிள்ளைக்குச் செத்தவீடு நடத்தினதுபோல இருக்கும் அவருக்கு.

அப்ப என்னதான் சொல்வது? பெரிதாக ஒன்றும் வேண்டாம். போய் இருங்கள். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், என்ன விருப்பமாகச் சாப்பிடுவார் என்று கேளுங்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் நீங்களும் இரண்டை எடுத்து உரியுங்கள். செபிக்கட்டா என்று கேட்டு, ஓம் என்றால் மட்டும் செபியுங்கள், சுருக்கமாக. எங்கள் பக்கத்து வயது போன அம்மா ஒருவர் அப்படித்தான் செய்வார். செத்தவீட்டில் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை, ஆனால் எட்டாம் நாள் நடக்கிற எட்டுச் செலவு முடியும்வரை அந்த வீட்டுக் கிணற்றடியில் பானை சட்டி தேய்ப்பது அவர்தான்.

கூலியும் தராசும்

ஞாயிறு முன்வரிசையில் இருக்கிறவரிடம் சனிக்கிழமை களை பிடுங்கின பெண், திங்கள், செவ்வாய் என்று கூலிக்கு நடக்கிறார் என்றால், அந்தப் பெண்ணுக்கு அந்த ஞாயிறு பிரசங்கம் எப்படிக் கேட்கும்? இது எங்கள் ஊர்களில் அபூர்வமான காரியம் இல்லை. காலபோக நெல் வெட்டு முடிந்து நெல்லும் விற்றாகிவிடும், கூலிக்கு மட்டும் "பிறகு பாப்பம்". கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் சொல்கிறது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். வயல்செய்கிற ஊருக்கென்றே எழுதினதுபோல இருக்கும்.

நெல் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஈரம், சாக்கு என்று சொல்லி மூட்டைக்கு இத்தனை கிலோ கழிப்பது வழமை. உண்மையில் ஈரம் இருந்தால் கழிக்கத்தான் வேண்டும். வெயிலில் காய்ந்து கலகலக்கிற நெல்லுக்கும் அதே கிலோவைக் கழித்தால் அது களவு. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகளில் இருக்கிறது. அந்த வசனத்தைக் கடைச் சுவரில் ஒட்டுவார் இல்லை, "கர்த்தர் என் மேய்ப்பர்" என்பதைத்தான் ஒட்டுகிறோம்.

கடன் திருப்பிக் கேட்கிறபோது "ஆண்டவருக்குச் சித்தமானால் வெள்ளிக்கிழமை தருவன்" என்பதும் எனக்கு ஏற்காது. "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று சொல்லச் சொன்னது யாக்கோபுதான். நாளைக்கு அங்கே போய் வியாபாரம் செய்து லாபம் எடுப்போம் என்று பெருமை பேசினவர்களுக்குச் சொன்னது அது. தவணை தள்ளுவதற்குத் தந்த சொல் இல்லை. ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. வெள்ளிக்கிழமை முடியாது என்று தெரிந்தால் வியாழக்கிழமையே போய், "என்னால ஏலாமல் கிடக்கு, இவ்வளவுதான் இப்ப இருக்கு" என்று சொல்லிவிடுவதுதான் விசுவாசியின் பேச்சு.

நுண்கடனில் அகப்பட்ட பெண்களின் கதை இன்னும் கொடியது. கிழமைத் தவணை கட்ட இன்னொரு இடத்தில் வாங்கி, அதைக் கட்ட மூன்றாவது இடத்தில் வாங்கி, கடைசியில் தோடும் போய்விடும். அவர்களிடம் "விசுவாசம் இருந்திருந்தால் கடன் வந்திருக்காது" என்று சொல்கிற வாய்களை நான் கேட்டிருக்கிறேன். அதே ஆளிடம் தசமபாகத்தையும் நினைவுபடுத்துவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கணக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, எவ்வளவு முதல், எவ்வளவு வட்டி என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தால் அது பெரிய ஊழியம்.

செபக்குறிப்பாக வருகிற ஊர்க்கதை

"இதை வெளியில சொல்லாதையுங்கோ, செபத்துக்காகத்தான் சொல்லுறன்." இப்படித் தொடங்குகிற கதை முடிகிறபோது ஒரு குடும்பத்தின் மானம் போயிருக்கும். புலிகள் இயக்கத்தில் இருந்து, போருக்குப் பிறகு அரசாங்கத்தின் புனர்வாழ்வு முடித்து வந்து, தையல் மெசின் ஒன்றோடு தன்பாட்டில் இருக்கிற பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு செபக்குறிப்பு வந்தது. அவருக்குக் கலியாணம் பேசிவருகிற நேரம். கேட்டவர்கள் எல்லாரும் முழங்காலில் நின்று செபித்தார்கள்தான். அடுத்த கிழமை மாப்பிள்ளை வீட்டாருக்கும் அது போய்விட்டது.

செபம் கேட்க ஒருவருடைய கதையைச் சொல்லவேண்டும் என்றால், அவரிடம் அனுமதி கேளுங்கள். கேட்க ஏலாது என்றால் "ஒரு குடும்பத்துக்காக" என்று சொன்னால் காணும், ஆண்டவருக்கு விலாசம் தெரியும்.

வாட்சப்பில் காலையில் வசனம் அனுப்புவதைப் பற்றியும் கேட்பார்கள். அனுப்புங்கள், பிழை இல்லை. காய்ச்சலில் கிடக்கிற பக்கத்து வீட்டாருக்கும் அதை மட்டும் அனுப்பிவிட்டு இருப்பதுதான் பிழை. கஞ்சி காய்ச்சிக்கொண்டு போகிற தூரத்தில்தானே இருக்கிறார்கள்.

அயலவரின் சாமியைப் பழிப்பது

மடு மாதா கோயிலுக்கு ஆவணித் திருநாளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டுச் சமைத்துக் கிடக்கிற சனத்தில் சைவக் குடும்பங்களும் இருக்கும். மாதாவுக்கு நேர்த்தி வைத்து வருவார்கள். போர்க்காலத்தில் அந்த வளவில் அடைக்கலம் தேடின சனத்திலும் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள். 1999 நவம்பரில் அங்கே ஷெல் விழுந்தபோது அது சமயம் பார்த்து விழவில்லை.

அப்படி இருக்க, வற்றாப்பளை அம்மன் பொங்கல் வருகிற நேரம் "அது பேய்க்குப் படைக்கிறது" என்று அயல் பிள்ளைகளுக்குக் கேட்கச் சொல்வது என்ன நியாயம்? பிரசாதம் சாப்பிடலாமா இல்லையா என்பதில் எங்கள் சபைகளுக்குள்ளேயே ஒரே நிலைப்பாடு இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை வாசித்து அவரவர் மனச்சாட்சிப்படி நடக்கட்டும். சாப்பிடமாட்டேன் என்றால் சாப்பிடவேண்டாம். ஆனால் கொண்டுவந்து தருகிற அம்மாவின் கையைப் பாருங்கள். "எங்களுக்கு வழக்கமில்லை அம்மா, குறை நினைக்காதையுங்கோ, இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினால், அந்த அம்மா இயேசுவைப் பற்றித் தெரிந்துகொள்வது அந்தக் கதவைத்தான்.

உதவியைத் தூண்டிலாக்குவதும் இதோடு சேரும். வெள்ளத்துக்குக் கொடுக்கிற அரிசிப் பையைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் என்று வைத்தால், அது வியாபாரம். பசித்தவருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். எங்கே இருந்து வந்தது என்று அவர்களாகக் கேட்டால் அப்போது சொல்லலாம்.

வாங்கோவும் வாவும்

எங்கள் தமிழில் விசுவாசம் தெரிகிற இடம் வினைச்சொல்லின் வால். உத்தியோகத்தர் வந்தால் "வாங்கோ, இருங்கோ". 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறினவர்களின் பிள்ளைகள் வந்தால் "வா, அங்கால இரு". அறுபது வயது ஐயாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. கலியாணப் பேச்சு என்று வந்தால் "அவை வேற ஆக்கள்" என்று குரலைத் தாழ்த்துவது. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இருக்கை, கந்தை உடுத்தவனுக்குக் கால்படியா என்று யாக்கோபு கேட்டது இதைத்தான். சபைக்குள் சமாதானம் சொல்லிக் கைகொடுத்துவிட்டு, வாசலுக்கு வெளியே "டேய்" என்று கூப்பிட்டால் அந்தக் கைகொடுப்பு பொய். இதற்குப் பெரிய முயற்சி ஒன்றும் வேண்டாம், நாளைக் காலை சந்திக்கிற முதல் கூலியாளுக்கு "வாங்கோ" சொல்லித் தொடங்கலாம். வீட்டில் மனைவிக்கும் பிள்ளைக்கும் கதைக்கிற குரலும் இந்தக் கணக்கில்தான் வரும்.

பிழை விட்டபின் விடுகிற பிழை

நாங்கள் மன்னிப்பை ஆண்டவரிடம் கேட்கிறோம், ஆளிடம் கேட்பதில்லை. பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, செபத்தில் அழுதாயிற்று, சரி, முடிந்தது. ஆனால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்ன ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. சகேயுவும் மனம் மாறினதை அழுது காட்டவில்லை, நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றுதான் எழும்பி நின்று சொன்னார். மன்னிப்புக் கேட்கிறபோது "நான் அந்த நோக்கத்தில சொல்லேல்லை" என்று தொடங்கவும் கூடாது. என்ன சொன்னேன், அது பிழை, அவ்வளவுதான்.

எனக்கு அதற்கு நாலு வருடம் எடுத்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டம் தொடங்கின பிறகு, அந்த அக்கா அங்கே போய்வருகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் திரும்ப அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். "அண்டைக்கு ஆண்டவருடைய சித்தம் எண்டு சொன்னது பிழை அக்கா." அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், தடித்த பொலித்தீன் பை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். "இதெல்லாம் கொப்பி அடிக்கவேணும். பஸ்ஸுக்கு நேரமாகுது, ரவுனுக்குப் போறதெண்டால் செய்துகொண்டு வாங்கோ."

முறைப்பாட்டுத் துண்டுகள், கடிதங்கள், அடையாள அட்டைப் பிரதி என்று பை நிறையக் கடதாசி. போட்டோக்கொப்பிக் கடையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அடியில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அதில்தான் அந்தப் பிள்ளையின் முழுப்பெயரை முதல்தரம் வாசித்தேன்.