எங்கள் நூலகத்தின் பெரிய எழுத்தாளர் 'மேற்படி'

எங்கள் பள்ளி நூலகத்தில் அதிகப் புத்தகம் எழுதியவர் பெயர் 'மேற்படி'. மொத்தம் 212 நூல்கள். வந்த புத்தகங்களை வரிசை எண் போட்டு எழுதும் நோட்டான சேர்க்கைப் பதிவேட்டில் ஒரே ஆசிரியரின் புத்தகங்கள் வரிசையாக வந்தால், எனக்கு முன்னால் இருந்த நூலகர் பெயரைத் திரும்ப எழுதாமல் 'மேற்படி' என்று போட்டு வைத்திருந்தார். கோடை விடுமுறையில் தட்டச்சு செய்ய வந்த பையன் அதை அப்படியே அடித்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பதிவேட்டைக் கையில் கொடுத்து "ஒண்ணாம் நம்பர்லேருந்து ஆரம்பிப்பா" என்றது நான்தான்.

பெரம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தொன்பது வருடமாக லைப்ரரி மிஸ். நோட்டிலிருந்து கணினிக்கு மாறப்போகிற சக நூலகர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பதிவேட்டை மூடி வையுங்கள். மேசைக்குத் திரும்பி வருகிற புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் திருப்பிக் கொடுத்ததை அலமாரிக்கு அனுப்பாமல் தனியாக அடுக்கி, கூட்டம் இல்லாத பீரியடில் தலைப்புப் பக்கத்தைப் பார்த்துப் பதியுங்கள். ஒரு நாளைக்கு இருபது போதும். எங்களிடம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் புத்தகம். பிள்ளைகள் எடுப்பதென்னவோ ஆயிரத்து இருநூறுக்குள்தான். அது ஒரே பருவத்தில் ஏறிவிட்டது. மீதி மெதுவாக வரட்டும். எதைக் கழித்துக்கட்ட வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

எடுத்த எடுப்பில் பெரிய மென்பொருள் வேண்டாம், எக்செல் போதும். நான் கோஹா என்ற நூலக மென்பொருளுக்குப் போனது இரண்டாம் வருடம். நியூசிலாந்தில் பிறந்தது, இலவசம். ஆனால் நிறுவித் தர லினக்ஸ் தெரிந்த ஆள் வேண்டும். மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் தரும் இ-கிரந்தாலயாவும் இருக்கிறது.

எக்செல்லில் நான் விழுந்த பள்ளத்தைச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் 13 இலக்கம். சும்மா அடித்தால் அது 9.78E+12 என்று சுருங்கிக்கொள்ளும். வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோக உதவும் சிஎஸ்வி கோப்பாக அப்படியே சேமித்தால் அந்தச் சுருக்கம்தான் மிஞ்சும், எண் போயே போச்சு. சேர்க்கை எண் 00457 என்று அடித்தால் 457 ஆகிவிடும். அதனால் ஒரு எழுத்து அடிப்பதற்கு முன்பே அந்த இரண்டு நெடுவரிசைகளையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்த் தலைப்பெல்லாம் கேள்விக்குறியாக நிற்கும்.

ஆசிரியர் பெயரில் இன்னொரு தலைவலி. ஒரு அட்டையில் 'கல்கி', இன்னொன்றில் 'அமரர் கல்கி', மூன்றாவதில் 'ரா. கிருஷ்ணமூர்த்தி'. கணினிக்கு மூவரும் வேறு வேறு ஆள். பிள்ளைகள் எந்தப் பெயரில் தேடுவார்களோ அதையே எல்லாவற்றுக்கும் போடுங்கள். இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்து மேசைக்கண்ணாடிக்கு அடியில் எழுதி வையுங்கள்.

பார்கோடு ஸ்கேனரை ரிச்சி தெருவில் வாங்கினேன். அது கணினிக்கு இன்னொரு விசைப்பலகை மாதிரிதான். படித்ததைத் தட்டச்சு செய்து என்டரும் தட்டிவிடும். பள்ளிப் பெயரின் இரண்டு ஆங்கில எழுத்தை எண்ணுக்கு முன்னால் சேர்த்து பார்கோடு அடித்திருந்தேன். ஒரு நாள் காலை எதை ஸ்கேன் செய்தாலும் 'புத்தகம் இல்லை' என்றது. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் போனது. பார்த்தால், தமிழில் தலைப்பு அடித்துவிட்டுத் தமிழ்99 விசைப்பலகையை அணைக்காமல் விட்டிருக்கிறேன். ஆங்கில எழுத்து இரண்டும் தமிழாக விழுந்திருக்கிறது. பார்கோடில் இலக்கம் மட்டும் இருக்கட்டும்.

லேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். கடை பில் மாதிரி வெப்பத்தில் அச்சாகும் வகை சென்னை வெயிலுக்கு வெளுத்துவிடும். மட்டமான பசை மே மாதத்தில் கசிந்து பக்கத்துப் புத்தகத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். லேசர் அச்சு நல்லது. பின்னட்டையின் வெளிப்புறத்தில் மேலே ஒட்டினால் புத்தகத்தைத் திறக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் லேபிளை நகத்தால் சுரண்டுவார்கள், அதனால் ரகசியப் பக்கத்தில், அதாவது எல்லாப் புத்தகத்திலும் நாம் அடையாளத்துக்கென்று வைத்திருக்கும் ஒரே எண்ணுள்ள பக்கத்தில், சேர்க்கை எண்ணைக் கையால் எழுதும் பழக்கத்தை விடாதீர்கள்.

இத்தனையும் எதற்கு? இடைவேளை பதினைந்து நிமிடம், வரிசையில் நாற்பது பிள்ளைகள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது, நூலகங்களுக்கு ஐந்து விதிகள் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதனின் நான்காவது விதி. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராவதற்கு முன் அவரும் கணக்கு வாத்தியார்தான். வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டவர். நோட்டில் பெயர் தேடி எழுதிய காலத்தில் மணி அடிக்கும்போது பாதிப் பேர் வெறுங்கையோடு போவார்கள். இப்போது கடைசிப் பையனுக்கும் புத்தகம் கிடைக்கிறது.

நோட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கரண்ட் போனால் தேதி, சேர்க்கை எண், வகுப்பு, பெயர் நான்கையும் அதில் குறித்துக்கொண்டு, வந்ததும் ஏற்றி, ஏற்றிய வரியைச் சிவப்பில் அடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் மொத்தத்தையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். 2015 டிசம்பரில் தண்ணீர் வந்தபோது எங்கள் கீழ்த்தட்டில் இருந்தது பதிவேடுதான்.