பிள்ளைகளுக்கு யோகா காட்டும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

போன வாரம் காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். எங்கள் குடியிருப்பில் வேலைக்குப் போகிறவர்கள், கோடை விடுமுறையில் பிள்ளைகளை இரண்டு கல்லூரிப் பெண்களிடம் விட்டுப் போகிறார்கள். வெயில் தாழ்ந்ததும் மாடியில் ஜமுக்காளம் விரித்து யோகா நடக்கும். அன்று சவாசனம் முடிந்தும் எழாமல் கிடந்த இரண்டரை வயதுப் பையனை, ஒருத்தி மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள். நான் போட்ட சத்தத்தில் அவள் முகம் வெளிறிப்போனது. பிறகு இருவரையும் உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கையைப் பிடித்துத் தூக்குவது

பதினொரு வருடத்துக்கு முன் இதையே நான் செய்தேன். தங்கை வேலைக்குப் போகும்போது மகளை என்னிடம் விட்டுப் போவாள். பாப்பாவுக்கும் அப்போது இரண்டரை வயது. பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்து காலை அடித்தாள், தவளை மாதிரி குதித்தாள், கடைசியில் பாயில் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்றாள். "எந்திரி கண்ணு, அம்மா வர்ற நேரமாச்சு" என்று வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். 'டக்' என்று ஏதோ நழுவியது என் விரலுக்கே தெரிந்தது. ஒரே அழுகை. அழுகை அடங்கிய பிறகும் அந்தக் கை மட்டும் உடம்போடு ஒட்டித் தொங்கியது. பிஸ்கட்டை நீட்டினால் இடது கையால் வாங்கினாள்.

பக்கத்து வீட்டு அக்கா, "சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவி விடு" என்றார். நீவினேன். இன்னும் வீறிட்டாள். இரண்டு மணி நேரம் அப்படியே போனது. நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது, என் மேல்தான்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "யாராவது கையைப் பிடிச்சு இழுத்தீங்களா?" என்பதுதான். தங்கை பக்கத்தில் நின்றாள். "இல்ல டாக்டர், விழுந்துட்டா" என்றேன். விழுந்தால் எலும்பு முறிந்திருக்கலாம் அல்லவா? எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். அதற்குக் காத்திருந்தபோது குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, கையை மடக்கினார். சில நொடிதான். பத்து நிமிடத்தில் பாப்பா அதே கையால் என் பையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கத்து எலும்பின் மேல்முனையை ஒரு வளையம் போன்ற தசைநார் முழங்கையோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பிடி இன்னும் இறுகியிருக்காது. நீட்டிய கையை இழுத்தால் வளையம் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். ஒன்று முதல் நான்கு வயதுக்குள்தான் இது அதிகம். ஆங்கில மருத்துவத்தில் இதற்கு 'நர்ஸ்மெய்ட்ஸ் எல்போ' என்று பெயர், அதாவது பிள்ளை பார்க்கும் ஆயாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒருமுறை வந்தால் திரும்பவும் வரலாம். பாப்பாவுக்கு வந்தது. ஆறு மாதம் கழித்து அவள் தாத்தா இரண்டு கையையும் பிடித்து ராட்டினம் சுற்றினார்.

தூக்க வேண்டுமென்றால் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். விரலையோ மணிக்கட்டையோ முன்கையையோ பிடித்து இழுக்க வேண்டாம். கை தொங்கினால் நீவாதீர்கள், நீங்களே திருப்பிப் பார்க்காதீர்கள், நேரே மருத்துவரிடம் போங்கள். போய் என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்லுங்கள்.

முதுகை அமுக்கி விடுவது

"ரப்பர் மாதிரி வளையுறான்" என்று நாம் வியப்பது பயிற்சியால் வந்ததல்ல, அந்த வயதின் இயல்பு. குனிந்து கால்விரலைத் தொடும் பிள்ளையின் முதுகில் கை வைத்து இன்னும் கொஞ்சம் அமுக்கினால், எங்கே வலி தொடங்குகிறது என்று சொல்ல அதற்குத் தெரியாது. நீங்கள் செய்து காட்டுங்கள். பார்த்து எவ்வளவு வருகிறதோ அவ்வளவு போதும். முழங்கால் மடங்கியிருந்தால் மடங்கியே இருக்கட்டும்.

தலைகீழ் ஆசனங்கள்

சின்னப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். உடம்போடு பார்த்தால் அதன் தலை நம் தலையைவிடப் பெரிது, கழுத்து மெலிது.

மூச்சை எண்ண வைப்பது

ஓய்வாக இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். நாலு வயதுப் பிள்ளைக்கு 20-க்கு மேல் போகும், 30 வரைகூட. நம் கணக்கில் "நாலு எண்ணும் வரை இழு, நாலு எண்ணும் வரை அடக்கு" என்றால் அது திணறும். அடக்கும் பேச்சே வேண்டாம். வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ரீங்காரம் இடச் சொல்லுங்கள். மூச்சு தானாக நீளும்.

பெயரைப் பாடமாக்குவது

ஒற்றைக் காலில் நிற்க வைத்து "இது விருட்சாசனம், சொல்லு" என்று ஆரம்பித்தால் மூன்றாவது ஆசனத்தில் பிள்ளை ஓடிவிடும். மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தின் படத்தைக் காட்டிப் பாருங்கள். ஒற்றைக் காலில், கைகளை உயரத் தூக்கி ஒரு தவசி நிற்கிறார். கீழே ஒரு பூனையும் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது, அதன் காலடியில் எலிகள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கிய அந்தப் பூனையைப் பார்த்த பிள்ளை, யாரும் சொல்லாமலே காலைத் தூக்கும். மற்ற பிள்ளைகள் எலி. தள்ளாடினால் சுவரைப் பிடிக்கட்டும். மூன்று வயதுக்கு ஐந்து நிமிடம் நின்று ஆடினாலே எனக்கு நிறைவு.

ஜமுக்காளம்

டைல்ஸ் தரையில் வழுக்கும். வழுக்காத மேட் இல்லையென்றால் வெறும் தரையில், சாக்ஸ் இல்லாமல்.

தோப்புக்கரணத்தைத் தண்டனையாக்குவது

பிள்ளையார் முன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போடுவது அது. "சேட்டை பண்ணினா பத்துப் போடு" என்று ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த நாள் பாயை விரிக்கும்போதே மூலையில் போய் நிற்கும்.

பெற்றோரிடம் சொல்லாமல் விடுவது

ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள்: மூச்சிரைப்பு உண்டா, வலிப்பு வந்ததுண்டா, கை எப்போதாவது நழுவியதுண்டா? சாயங்காலம் அழைத்துப் போக வரும்போது அன்று என்ன செய்தோம், எதில் அழுதான், எங்கே விழுந்தான் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். மாடியில் அந்தப் பெண்ணிடமும் இதைச் சொன்னேன். அன்று மாலை அந்தப் பையனின் அம்மா வந்ததும் அவளே போய், "அக்கா, இன்னைக்கு இவன் கையைப் பிடிச்சு இழுத்துட்டேன், இப்ப நல்லாத்தான் அசைக்கிறான், ராத்திரி ஒரு தடவை பாத்துக்கோங்க" என்றாள்.