கேபிள் சொருகியும் சார்ஜ் ஏறாத கன்ட்ரோலர்

போன வாரம் தம்பி மகன் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பெரியப்பா, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டேன், கேபிளை எடுத்தா செத்துடுது." இதே தப்பை நானும் இரண்டு வாரம் செய்திருக்கிறேன் என்பதால் சிரிக்கவில்லை.

முதலில் கன்ட்ரோலரைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மூடி இல்லையென்றால் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. பிளேஸ்டேஷன்காரர்களுக்கு இதுதான், வேலை சுலபம்: பிஎஸ்4-உடன் வரும் டூயல்ஷாக் 4 என்றால் மைக்ரோ யூஎஸ்பி கேபிள், பிஎஸ்5-உடன் வரும் டூயல்சென்ஸ் என்றால் யூஎஸ்பி-சி. சொருகியதும் ஆரஞ்சு விளக்கு மெதுவாக மின்னும், நிறைந்ததும் அணையும். டிவியின் யூஎஸ்பியில் மட்டும் போடாதீர்கள், டிவியை அணைத்தால் அதுவும் அணையலாம்.

எக்ஸ்பாக்ஸ் மாதிரி மூடி இருந்து, உள்ளே இரண்டு பென்சில் செல் இருந்தால் கவனம். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ரீசார்ஜ் செல் வாங்கிப் போட்டேன், கன்சோலில் கேபிளைச் சொருகினேன், கன்ட்ரோலர் ஜோராக வேலை செய்தது, சரி, சார்ஜும் ஏறுகிறது என்று நினைத்தேன். ஏறவே இல்லை. கேபிளில் வரும் கரண்டில் கன்ட்ரோலர் ஓடுகிறது, அவ்வளவுதான், செல்லுக்கு அதிலிருந்து ஒரு துளியும் போகாது. அதற்கென்று விற்கும் பேட்டரி பேக்கைப் போட்டால்தான் கேபிள் வழியே சார்ஜ் ஏறும். யோசித்தால் நல்லதுதான். சாதாரண அல்கலைன் செல்லைப் போட்டுவிட்டு யாராவது சார்ஜ் ஏற்றினால் கசிந்து நாசமாகும்.

என் ஓட்டு பேக்குக்கு இல்லை, தனி செல்லுக்கு. நாலு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல், 2000 எம்ஏஎச் போதும். கன்ட்ரோலரில் இரண்டு, சார்ஜரில் இரண்டு. சார்ஜர் வாங்கும்போது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள், ஜோடி ஜோடியாக ஏற்றுகிற மலிவு ரகம் வேண்டாம். பழைய செல்லையும் புதிய செல்லையும் கலக்காதீர்கள். இந்த செல் 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5, அதனால் திரையில் காட்டும் பேட்டரி அளவை முழுக்க நம்ப வேண்டாம்.

அப்புறம் உப்புக்காற்று. வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடல் நடக்கிற தூரம், கேட் தாழ்ப்பாளே வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறேன். செல் உட்காரும் ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருந்தால் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேயுங்கள். அல்கலைன் கசிந்து வெள்ளைப் பொடி கட்டியிருந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு செல்லைப் போடுங்கள். பொடியைக் கையால் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை: புது போன் சார்ஜரில், இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளைப் போட்டால் விளக்கே எரியவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மலிவு கன்ட்ரோலர் சிலவற்றில், "நான் இருக்கிறேன், கரண்ட் அனுப்பு" என்று சார்ஜருக்குச் சொல்லும் சின்ன ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் பழைய அகல யூஎஸ்பி உள்ள கேபிளைப் போடுங்கள், ஏறும்.

இன்னொருவர் பேக்தானே வசதி என்று சண்டைக்கு வந்தார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது எங்களுக்கும் கரண்ட் இல்லை. ஹால் கடிகாரம், பூஜை அறைக் கடிகாரம் இரண்டிலும் செல்லை உருவி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்து சாயங்காலம் முழுக்க விளையாடினோம். ஹால் கடிகாரம் நாலே முக்காலிலேயே நிற்பதை என் மனைவி மறுநாள்தான் பார்த்தாள்.